வேலூர் டாக்டரம்மா வைத்த பரீட்சை!



தீபாவளி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? புதுச் சட்டை, முறுக்கு, அதிரசம்... அப்புறம் பட்டாசு! ஆனால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் பக்கம் இருக்கும் குட்டிகளுக்குப் பட்டாசு என்பது ஒரு நாள் கொண்டாட்டம் மட்டும் இல்லை. அம்மாவோ, அப்பாவோ, சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது ஒருவர் தினமும் தூக்குச் சட்டியோடு பஸ் ஏறிப் போகும் வேலை அது.

அந்த ஊர்க்காரர்களுக்கு மருந்தின் குணம் நன்றாகவே தெரியும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நாட்களில் விபத்து நடந்து விடுகிறது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை அந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. 40 பேர் வரை உயிரிழந்த நாள் அது. அப்படிப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் ஓடி ஓடி வேலை பார்ப்பவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? நாம் சிஸ்டர் என்று கூப்பிடுகிறோமே, அந்த நர்ஸ்கள்தான்!

சரி, ஒரு கணக்குப் போடலாமா? பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்.

காலை 10 மணிக்கு ஒருவருக்குத் தீக்காயம் பட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் எடை 50 கிலோ. உடம்பில் 100-க்கு 20 பங்கு வெந்திருக்கிறது. தீக்காயம் பட்டவரின் உடம்பிலிருந்து நீர்ச்சத்து வேகமாக வெளியேறிவிடும். அதை டிரிப்ஸ் மூலம் ஈடுகட்ட வேண்டும். இதற்கு டாக்டர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. எடையையும், வெந்த பங்கையும் பெருக்கி, அதை 4 ஆல் பெருக்க வேண்டும். 50 x 20 x 4 = 4,000 மில்லி லிட்டர். அதாவது 4 லிட்டர். இதில் பாதியை, அதாவது 2 லிட்டரை, முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும்.

அப்படியானால் மணிக்கு 250 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 83 சொட்டு. அவ்வளவுதானே என்கிறீர்களா?

இங்கேதான் ஒரு கொக்கி! காயம் பட்டவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது பகல் 12 மணிக்கு. அந்த 8 மணி நேரம் என்பது காயம் பட்ட நிமிடத்திலிருந்து ஓடும் கணக்கு, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. அதனால் மீதி இருப்பது 6 மணி நேரம்தான். இப்போது நிமிடத்துக்கு 111 சொட்டு விழ வேண்டும். எத்தனை மணிக்குக் காயம் பட்டது என்று கூட வந்தவர்களிடம் கேட்கத் தோன்றாத நர்ஸ் கணக்கில் புலியாக இருந்தாலும் விடை தப்பிப் போகும்!

சிகிச்சையை முடிவு செய்பவர் டாக்டர். ஆனால் சொட்டை எண்ணுவது, மணிக்கொரு தரம் சிறுநீரை அளப்பது, குரல் கரகரக்கிறதா, மூக்கினுள் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்து உடனே டாக்டரைக் கூப்பிடுவது எல்லாம் நர்ஸின் வேலை. நள்ளிரவு 2 மணிக்கு வார்டில் விழித்திருக்கும் கண்கள் அவருடையவை.

இப்போது சொல்லுங்கள். நர்ஸ் வேலைக்கு மூளை வேண்டுமா, வேண்டாமா?

வகுப்பில் ஒரு பிள்ளை டாக்டராகப் போகிறேன் என்றால் எல்லோரும் கை தட்டுகிறோம். நர்ஸாகப் போகிறேன் என்றால், மார்க் குறைவோ என்று சிலர் கேட்கிறார்கள். ஒருவருடைய அறிவையும் திறமையையும் எதை வைத்து எடை போடுவது? இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற ஒரு பெண்மணியின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவர் பெயர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கியவர்.

ராணிப்பேட்டையில் பிறந்த சுட்டிப் பெண்

ஐடா பிறந்தது அமெரிக்காவில் இல்லை. நம்ம ராணிப்பேட்டையில்! 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி. அப்பா ஜான் ஸ்கடர், அம்மா சோபியா. ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கச்சி. அப்புறம் சுட்டித்தனத்துக்குக் கேட்கவா வேண்டும்?

அவருடைய தாத்தா 1819-ஆம் ஆண்டே இலங்கைக்குக் கப்பலேறி வந்த அமெரிக்க மருத்துவர். தாத்தா டாக்டர், அப்பா டாக்டர், சித்தப்பா, பெரியப்பாக்களிலும் மருத்துவர்கள். குடும்பமே தமிழ் மண்ணில் மருத்துவமும் மதப்பணியும் செய்து வந்தது.

ஐடாவுக்கு ஆறு, ஏழு வயது இருக்கும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே சூறையாடிய கொடும் பஞ்சம் அது. பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டும் வேலை சிறுமி ஐடாவுக்கும் வந்தது. அந்தக் காட்சிகள் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தன. ஆனால் சேவை செய்ய வேண்டும் என்ற ஆசையை அவை உண்டாக்கவில்லை. இந்தக் கஷ்டமே வேண்டாம், எங்காவது ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது!

பிறகு குடும்பம் அமெரிக்கா சென்றது. சில வருஷங்களில் பெற்றோர் இந்தியாவுக்குத் திரும்பிவிட, ஐடா அங்கேயே தங்கிப் படித்தார். விளையாட்டு, குறும்பு, கும்மாளம். இந்தியாவுக்குத் திரும்பவே கூடாது, நல்ல வசதியான வாழ்க்கை வாழ வேண்டும் என்பது அவர் கனவு. தாத்தாவும் அப்பாவும் போன பாதையில் தான் போகப் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

ஒரே இரவில் மூன்று பேர்

அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று செய்தி வந்தது. 1890-இல் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். அம்மா குணமானதும் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் வந்தார்.

அப்போது ஓர் இரவு.

வாசலில் காலடிச் சத்தம். ஒரு பிராமண இளைஞர் நின்றிருந்தார். அவருடைய இளம் மனைவிக்குப் பிரசவ வலி. குழந்தை பிறக்க முடியாமல் உயிருக்குப் போராடுகிறாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா திகைத்துப் போனார். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார். இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் தன் மனைவியைப் பார்ப்பதை அந்தக் குடும்ப வழக்கம் அனுமதிக்காது. தலை குனிந்து திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் இன்னொருவர். இவர் இஸ்லாமியர். அதே பிரச்சினை, அதே வேண்டுகோள். அப்பா வருவதாகச் சொன்னபோது அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஒருவர். அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

அன்று இரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களுமே இறந்து போயிருந்தார்கள்!

தம்பி, தங்கைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த இரவில் ஐடாவிடம் இரக்கத்துக்குக் குறைவில்லை. உதவ வேண்டும் என்ற துடிப்பும் இருந்தது. பிரசவம் பார்க்கும் படிப்பு மட்டும் இல்லை. நல்ல மனசு இருந்தும் அறிவு இல்லாததால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பாவிடம் அறிவு இருந்தது. ஆனால் அந்தக் குடும்பங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. படித்த பெண் ஒருத்தி அந்த ஊரில் இருந்திருந்தால்?

அந்தக் கேள்விதான் ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பா, அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

சமையற்கட்டிலிருந்து ஒரு நர்ஸ்

அமெரிக்காவுக்குப் போய் பிலடெல்பியாவில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-இல் டாக்டர் பட்டம் பெற்றார். புறப்படும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை!

1900-ஆம் ஆண்டு பிறந்தபோது ஐடா வேலூரில் இருந்தார். அப்பாவிடம் தொழில் நுணுக்கம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் அதே ஆண்டில் அப்பா காலமாகிவிட்டார். தன்னந்தனியாக, வீட்டின் ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகள்!

கூடமாட உதவிக்கு யார்? பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர்கூட இல்லை. வீட்டுப் பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த சலோமி என்ற பெண்தான் கைகொடுத்தார். பட்டமா? இல்லை. சான்றிதழா? அதுவும் இல்லை. சமையற்கட்டில் புழங்கிய பெண். அவரைத்தான் ஐடா பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் பழக்கினார்.

வேறு யாராக இருந்தாலும் இவளுக்கு என்ன தெரியும் என்று ஒதுக்கியிருப்பார்கள். ஐடா சான்றிதழைப் பார்க்கவில்லை, கற்றுக்கொள்ளும் வேகத்தைப் பார்த்தார். எழுத்துப் படிப்பு இல்லாதவர் அறிவில்லாதவர் ஆகிவிட மாட்டார் என்பதை சலோமி அவருக்குக் காட்டிக்கொடுத்தார்.

ஆனால் ஐடா அத்தோடு நின்றுவிடவில்லை. பழக்கத்தால் வரும் திறமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்று பழகினால் மட்டும் போதாது. ஏன் செய்கிறோம் என்று புரிய வேண்டும். அப்போதுதான் இதுவரை பார்க்காத ஒன்று நடக்கும்போது என்ன செய்வது என்று தெரியும்.

நர்ஸ் பள்ளிக்கூடம்

1902-இல் ஷெல் கொடுத்த பணத்தில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. கூட்டம் அலைமோதியது. ஒரு டாக்டரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? ஊசி போட்டுவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். மீதி 23 மணி நேரமும் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார்?

1909-ஆம் ஆண்டு டெலியா ஹௌட்டன் என்ற அமெரிக்க நர்ஸின் துணையோடு வேலூரில் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார் ஐடா. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது. என்றாலும் சிற்றூர்களில் பெண்களை இந்த வேலைக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கினார்கள்.

ஏன் தெரியுமா? முன்பின் தெரியாதவர்களைத் தொட வேண்டும். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் ரத்தம், சீழ், மலஜலம் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். ராத்திரியில் வீட்டுக்கு வெளியே வேலை. இதெல்லாம் இழிவான வேலை, படிக்காதவர்கள் செய்யும் வேலை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. அப்படி எண்ணியதால் படித்தவர்கள் வரவில்லை. படித்தவர்கள் வராததால் அது படிக்காதவர்கள் வேலை என்ற பெயர் நிலைத்தது. செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம்!

அந்த வட்டத்தை உடைத்துக்கொண்டு வந்த முதல் பெண்களுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள். வார்டில் மட்டுமா வேலை? வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்க்கும் வழக்கத்தையும் ஐடா ஏற்படுத்தியிருந்தார். முதலில் மாட்டு வண்டி, 1909-இல் ஒரு சின்ன பெஜோ மோட்டார் கார். அது புகை கக்கிக்கொண்டு போனபோது பேய் வருகிறது என்று கிராமத்து ஜனங்கள் ஓடினார்களாம்! மரத்தடியில் புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பிய கைகளில் ஐடாவிடம் பயின்றவர்களின் கைகளும் உண்டு.

மார்க் போடுவது எப்படி?

இந்த இடத்தில் இங்கிலாந்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். ஒரு நர்ஸுக்கு எப்படி மார்க் போடுவது என்ற கேள்வி ஐடாவுக்கு முன்பே ஒருவரைக் குடைந்தது. கைவிளக்கு ஏந்திய காரிகை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்களே, அந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தான்.

1860-இல் லண்டனில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் நர்ஸ் பள்ளி தொடங்கியது. அங்கே மாணவி ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் ஒரு தாள் நிரப்புவார்கள். நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, சுத்தம் என்று குணங்களுக்கு ஒரு பக்கம். கட்டுப் போடுவது, நோயாளியைக் கவனிப்பது என்று வேலைத் திறனுக்கு ஒரு பக்கம். நம்ம ரேங்க் கார்டு மாதிரிதான்!

பின்னாளில் நர்ஸ்களுக்குப் பொதுவான தேர்வு வைத்து அரசாங்கப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும் என்று சிலர் கேட்டபோது, நைட்டிங்கேல் அதை எதிர்த்தார். நல்ல நர்ஸை ஒரு நாள் தேர்வு காட்டிவிடாது என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்களோ, தேர்வும் பதிவும் இல்லாவிட்டால் அரைகுறைகளும் நர்ஸ் உடை போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்களே, நோயாளி யாரை நம்புவார் என்று கேட்டார்கள்.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது இல்லையா? நைட்டிங்கேல் 1910-இல் மறைந்தார். 1919-இல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. நம் சென்னை மாகாணத்தில் 1926-இல் நர்ஸ்கள், மருத்துவச்சிகளுக்கான சட்டம் வந்தது.

மூன்று பேராவது வருவார்களா?

வேலூருக்குத் திரும்புவோம். நர்ஸ்களோடு பெண் டாக்டர்களும் நிறையத் தேவை என்று ஐடா நினைத்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்க அனுமதி கேட்டார். மாகாண மருத்துவத் துறையின் தலைமை அதிகாரிக்கு நம்பிக்கையே இல்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று நினைத்தார். ஆறு பேர் சேர்ந்தால் தொடங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தார். ஆண்களே திணறும் தேர்வில் பெண்கள் தேறுவது கடினம் என்றும் எச்சரித்தார்.

பாருங்கள், அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. தேர்வும் நடக்கவில்லை. அதற்குள் மார்க் போட்டாகிவிட்டது!

ஆனால் நடந்தது என்ன? இடத்துக்கு மேல் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து ஐடா பாடம் தொடங்கினார். போதிய கட்டடம் இல்லை, கருவிகள் இல்லை. நாள் முழுக்க ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டு அவரே வகுப்பும் எடுத்தார்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. மாகாணத்தின் மற்ற மருத்துவப் பள்ளி ஆண்களோடு இவர்களும் எழுதினார்கள். ஆண்களில் ஐந்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் தேறியிருந்தார்கள். வேலூர்ப் பெண்கள் 14 பேர் எழுதினார்கள். எத்தனை பேர் பாஸ்? பதினான்கு பேரும்!

எல்லோருக்கும் பொதுவான தேர்வு ஒன்று இருந்ததால்தானே அந்த அதிகாரியின் கணிப்பு பொய் என்று ஊருக்கே தெரிந்தது? தேர்வுக்கும் ஒரு பெரிய பயன் உண்டு என்பது இதில் புரிகிறது. யார் வீட்டுப் பிள்ளை, ஆணா, பெண்ணா என்று பார்க்காமல் விடையை மட்டும் பார்ப்பது நேர்மையான தேர்வு. 1922-இல் அந்த முதல் அணி படிப்பை முடித்து வெளியே வந்தது.

ஏறக்குறைய அதே சமயம்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அங்கே கற்ற தொழிலை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அதிலிருந்து பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. வானம் பார்த்த பூமியில் என்ன முளைக்கும் என்று முன்கூட்டியே மார்க் போட்டிருந்தால் இன்றைய சிவகாசி ஏது?

பட்டம் பெற்ற நர்ஸ்

1930-களின் இறுதியில் புதிய சோதனை. டிப்ளமோ போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாக மாற்ற வேண்டும் என்று அரசு விதி வந்தது. அதற்குப் பெரிய கட்டடம், நிறைய பேராசிரியர்கள், ஏராளமான பணம் தேவை. ஐடாவுக்கு அப்போது வயது 70-ஐ நெருங்கிவிட்டது. மூட்டை கட்டிவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டினார். 1942-இல் பள்ளி, கல்லூரியாக உயர்ந்தது.

அடுத்தது 1946. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு. இந்தியாவில் நர்ஸ்களுக்கான பி.எஸ்சி. பட்டப்படிப்பு இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று டில்லி. இன்னொன்று நம்ம வேலூர்!

நர்ஸுக்குப் பட்டம் எதற்கு என்று அந்தக் காலத்தில் உலகம் முழுவதுமே கேட்டார்கள். பட்டம் வாங்கியவர் நோயாளியின் படுக்கையைச் சுத்தம் செய்வாரா என்று சந்தேகப்பட்டார்கள். அன்பாக நாலு வார்த்தை பேசினால் போதாதா என்றார்கள்.

திண்டிவனத்து இரவை நினைத்துப் பாருங்கள். அன்பு மட்டும் போதுமென்றால் அந்த மூன்று பெண்களும் பிழைத்திருப்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு உடற்கூறு தெரிய வேண்டும், மருந்தின் அளவு தெரிய வேண்டும், கிருமி எப்படிப் பரவும் என்று தெரிய வேண்டும். அதே சமயம், பட்டம் மட்டும் இருந்து பார்க்கும் கண்ணும் தொடும் கையும் இல்லாவிட்டால் அதுவும் வீண். அதனால்தான் நர்ஸ் படிப்பில் வகுப்பறை பாதி, வார்டு பாதி. எழுத்துத் தேர்வு உண்டு, செய்முறைத் தேர்வும் உண்டு. எத்தனை முறை கட்டுப் போட்டார், எத்தனை பிரசவத்தில் உதவினார் என்று ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும்.

நைட்டிங்கேலும் அவருடைய எதிர்க்கட்சிக்காரர்களும் சொன்ன இரண்டும் இப்போது ஒரே படிப்புக்குள் வந்துவிட்டன, பார்த்தீர்களா?

அத்தை விடைபெற்றார்

1946-இல் ஐடா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். மாணவிகளுக்கு அவர் ஐடா அத்தை. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் இருந்த தன் வீட்டில் வாழ்ந்தார். தோட்டம் போடுவதும் டென்னிஸ் ஆடுவதும் அவருக்கு மிகவும் பிடித்தவை. 1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-வது வயதில் அங்கேயே காலமானார். ஒற்றைக் கட்டிலில் தொடங்கிய மருத்துவமனை அப்போது இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்து நின்றது.

அந்த ஆண்டில் தமிழகத்தின் முதலமைச்சர் யார் தெரியுமா? விருதுநகர் தந்த காமராஜர்! பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். அவரால் நாட்டை ஆள முடியுமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவும் போட்டு, படிப்பை எல்லோருக்கும் கொண்டு சேர்த்தார். படிக்க முடியாமல் போனவர் படிப்பின் அருமையை ஊருக்கே சொன்னார். ஐடாவும் அப்படித்தான். அன்றிரவு தனக்கு எது இல்லாமல் போனதோ, அதை ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

காமராஜரின் விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்று தனிப் பிரிவும் இருக்கிறது. அடுத்த முறை அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கே இருக்கும் சிஸ்டரைக் கவனித்துப் பாருங்கள். நாடி பிடிக்கும்போது அவர் கண் கடிகாரத்தில் இருக்கும். காதோ பக்கத்துக் கட்டில் தாத்தா இருமும் சத்தத்தில் இருக்கும். கை, கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கும்.

அவர் எத்தனை மார்க் வாங்கினார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் எத்தனை மணிக்குக் காயம் பட்டது என்று அவர் கேட்கிறாரே, அந்தக் கேள்வியில் அவருடைய படிப்பும் தெரியும், அக்கறையும் தெரியும். திண்டிவனத்து வாசலில் அன்று இல்லாமல் போனது அந்த இரண்டும் சேர்ந்த ஒருவர்தான்.

உங்கள் வகுப்பில் யாராவது நர்ஸாகப் போகிறேன் என்று சொன்னால் என்ன செய்வீர்கள், குட்டிகளே? பலமாகக் கை தட்டுவீர்கள்தானே!

தெரிந்துகொள்ளுங்கள்!

* தீக்காயம் பட்டால் உடனே காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி வைக்கக் கூடாது.

* பேனா மை, பற்பசை, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. டாக்டர் காயத்தைச் சரியாகப் பார்க்க முடியாமல் போகும். கிருமியும் சேரும்.

* உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். அப்படியே நின்று, தரையில் படுத்து, உருளுங்கள்.

* மோதிரம், வளையல், கடிகாரம் இருந்தால் வீக்கம் வருவதற்கு முன் கழற்றிவிடுங்கள். தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காதீர்கள்.

* உங்கள் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கையின் அளவு, உங்கள் உடம்பில் 100-க்கு ஏறக்குறைய 1 பங்கு. காயத்தின் அளவைச் சொல்ல இது உதவும்.

* பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 108-க்கு போன் செய்யச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, காயம் பட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். நர்ஸம்மா கேட்கும்போது பதில் தயாராக இருக்கும்!